சேரக்கூடாத இடத்தில் சேர்ந்த எலும்பு

1

இந்தக் கதை நானாக யோசித்து எழுதுவதல்ல. என் தங்கை கேட்டுக்கொண்டாள். கணவரிடம் நேருக்கு நேர் சொல்ல அவளுக்கு வாய் வராத ஒன்று இருக்கிறது. நான் எழுதும் எல்லாவற்றையும் அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தித் தருபவர் அவர்தான். ஆகவே இதை முதலில் படிக்கப்போவதும் அவரே. நீ எழுதிக் கொடுத்துவிடு அண்ணா, அவர் படித்துக்கொள்ளட்டும் என்றாள். எனக்குத் தபால்காரன் வேலையா என்று முனகிக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "எலும்பு உடைய ஒரு நொடி போதும், சேர்வதற்கோ—"

வேண்டாம். காலண்டர் தாள் வாசகம்.

இரண்டாம் முயற்சி: "லாரி ஓட்டுநர் ஒருவருக்குக் கால் முறிந்தது." இதைப் படித்துக் காட்டியதும் தங்கை முறைத்தாள். ஆளை மறைப்பதற்கா உன்னை எழுதச் சொன்னேன் என்று கேட்டாள். சரி, ஓட்டுநர் போகட்டும். பிழை திருத்துபவர் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

3

[இந்தப் பகுதியை அவர் வெட்டச் சொல்வார். "கதையில பாடம் நடத்தாதீங்க மச்சான்" என்று ஓரத்தில் எழுதுவார். இருக்கட்டும்.]

முறிந்த இடம் ஆடிக்கொண்டே இருந்தால் எலும்பு சேராது. ரத்தம் போய்ச் சேராவிட்டாலும் சேராது. சர்க்கரை, சீழ், சிகரெட் எல்லாமே அதற்குப் பகை. சில எலும்பு இரண்டு முனையிலும் புசுபுசுவென்று வளர்ந்தும் ஒட்டாமல் நிற்கும். அசையாமல் இறுக்கிப் பிடித்தாலே அது வழிக்கு வந்துவிடும். சில எலும்பு முயற்சியே செய்யாமல் முனை மெலிந்து கிடக்கும். அதற்கு இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். மாப்பிள்ளைக்குச் சீழ் பிடித்தது. குளியலறையில் ஒளிந்து சிகரெட் வேறு. (இந்த வரியை வெட்ட உங்களுக்கு உரிமையில்லை, மாப்பிள்ளை.)

செத்த எலும்பை வெட்டி எடுத்ததில் இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப, மேலே நல்ல எலும்பில் ஒரு வெட்டுப் போட்டு, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டினார்கள். வளையத்தின் நட்டைத் திருகத் திருக, வெட்டிய துண்டு துளித்துளியாகக் கீழே நகரும். அதன் பின்னால் புது எலும்பு வளரும். தினமும் நான்கு முறை, கால்வாசிச் சுற்று.* திருகுவது வீட்டு ஆட்களின் வேலை என்பதால் ஸ்பேனர் தங்கை கைக்கு வந்தது.

* "கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கும்" என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர்களுடைய கொஞ்சம் வேறு, நம்முடைய கொஞ்சம் வேறு.

4

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தலையணையைக் கடிப்பார். சத்தமே வராது, உறை மட்டும் நனைந்திருக்கும். ஒருநாள் அவள் நட்டை முன்னால் திருகிவிட்டு, அப்படியே பின்னாலும் திருகினாள். இன்றைக்கு ஒருநாள்தானே என்று நினைத்தாள். அன்று மதியம் அவர் அசந்து தூங்கினார். மறுநாளும் அப்படியே செய்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வலி குறைந்ததும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இவளுக்கு ராசியான கை என்று பெருமையடித்தார் மனிதர்.

எக்ஸ்ரேயில், நகர்ந்திருக்க வேண்டிய துண்டு வெட்டிய இடத்திலேயே திரும்ப ஒட்டியிருந்தது. கீழே இடைவெளி அப்படியே இருந்தது. ஒழுங்காகத் திருகினீர்களா என்று டாக்டர் தங்கையைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"அவளைக் கேக்காதீங்க டாக்டர். அவ கை தவறாது. என் எலும்புக்குத்தான் எங்க சேரணும்னு தெரியல."

5

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவர், ஸ்பேனர் பின்னால் போனதைக் கவனிக்கவில்லை என்றால் வாசகர் ஒப்புவாரா? ஒருவேளை அவருக்குத் தெரிந்தே, வலி நின்றால் போதும் என்று—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

6

அடுத்த வாரம் அதே எலும்பை மறுபடி வெட்டப்போகிறார்கள். இந்தமுறையும் பலிக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையோ, அவளே திருகட்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார்.

"என் கையில குடுத்தா மறுபடியும் அதையேதான் செய்வேன் அண்ணா. அவர் அழறதை என்னால தாங்க முடியாது. கால் போயிடும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

7

ஒரு முடிவில், அவர் சிரித்துவிட்டு "போடி பைத்தியம்" என்கிறார். சினிமாத்தனம் என்று கிழித்துவிட்டேன். இன்னொன்றில், அவளிடமிருந்து ஸ்பேனரை வாங்கி என்னிடம் நீட்டுகிறார். அதையும் கிழித்தேன். அந்தத் தலையணை உறையைப் பார்த்தால் என் கையும் பின்னால்தான் திருகும்.

ஆகவே மாப்பிள்ளை, பென்சிலைக் கீழே வையுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். திட்டுவீர்களோ, அழுவீர்களோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அவளை உள்ளே கூப்பிட்டுச் செய்யுங்கள். நீங்கள் கூப்பிடாவிட்டால் அவளாக வரமாட்டாள்.