நிக்காத பொட்டு

வீடியோ கேம் ஆடுற கேம்பேடு, மூணைத் தள்ளி வெச்சாச்சு. நாலாவதைக் கையில புடிச்சுக்கிட்டு இக்னேஷியஸ் மானிட்டரை முறைச்சுக்கிட்டு நின்னாரு. திரையில ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற குமிழை எந்தப் பக்கம் தள்ளுறோமோ அந்தப் பக்கம் பொட்டு போவும். பாதி தள்ளி அப்படியே புடிச்சா, பொட்டும் பாதியிலேயே அசையாம நிக்கணும். அது என்னடான்னா, ஒலையில கொதிக்கிற அரிசி மாதிரி துடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"இதுவும் டொக்கு பீசு," ன்னாரு. "இன்னா பாய், கடை வெச்சினு கீறியா, காயலாங்கடை வெச்சினு கீறியா?"

கடைக்கார வசீம் கோச்சுக்கல. யானைக்கவுனியில பதினஞ்சு வருஷமா கம்ப்யூட்டர் சாமான் விக்கிறவன், இதைவிடக் கொடைச்சல் குடுத்த கிராக்கியெல்லாம் பாத்தவன். "அண்ணே, இது உள்ள காந்தம் வெச்ச குமிழு. ஒண்ணோட ஒண்ணு ஒரசாது, தேயாது. கம்பெனியே ரெண்டு வருசம் கேரண்டி குடுக்குறான். இது ஆடுச்சுன்னா நான் ஷட்டரை எறக்கிட்டு டீ ஆத்தப் போறேன்."

"அப்ப இன்னாத்துக்கு ஆடுது? வைப்ரேஷன் ஓடுதா பாரு. நிறுத்து அத."

"அது ஆஃப்லதான் கீது ணே."

பின்னாடி ஸ்டூல்ல உக்காந்திருந்த பிராங்கிளினுக்குச் சிரிப்புத் தாங்கல. இக்னேஷியஸ் பொண்டாட்டி இருதயம்மாளோட தம்பி அவன். "முப்பது டன்னு பெட்டியத் தூக்குற கையி மாமா உன்து. ஒரு பொம்மையப் புடிச்சி நிறுத்தத் தெரியலியே! அக்காவாண்ட சொன்னா வூட்டுல உன்ன ஓட்டியே சாவடிச்சுடும்."

சிரிப்பான், சிரிக்காம என்ன. எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் கப்பல்துறையில பத்தொம்பது வருஷமா கிரேன் ஓட்டுறவரு இக்னேஷியஸ். மாமன் மேல கண்ணாடிக் கூண்டுல, மச்சான் கீழ தரையில. ரெண்டு பேருக்கும் மதியம் ரெண்டு மணி ஷிப்டு. போற வழியில மகளுக்குக் கேம்பேடு வாங்கிட்டுப் போயிடலாம்னுதான் பைக்கை இந்தச் சந்துக்குத் திருப்பினது. ஒரு பேப்பர்கூட அரியர் இல்லாம பாஸ் பண்ணினா வாங்கித் தர்றதா டெபோரா கிட்ட வாய் விட்டிருந்தாரு. அவளும் விடாம பாஸ் பண்ணித் தொலைச்சுட்டா.

காலையிலேயே வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தா. இக்னேஷியஸ் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாரு. "டாடி, டப்பா மேல கீற கலரப் பாத்து ஏமாந்துடாத. ஒயர் வெச்சதே போதும், சார்ஜ் போடுற பேஜாரு இல்ல. முக்கியமா குமிழப் பாதி தள்ளிப் புடிச்சுப் பாரு. பொட்டு நிக்கணும். நிக்கலன்னா வாங்காத டாடி, நான் கார் ஓட்டுறப்போ எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிடும்."

வசீம் கையை நீட்டி வாங்கினான். பாதி தள்ளினான். பொட்டு ஆணி அடிச்சாப்புல நின்னுச்சு.

"தோ பாருங்க."

இக்னேஷியஸ் திருப்பி வாங்கினாரு. இடது கட்டைவிரலால இடது குமிழைத் தள்ளினாரு. நின்னுச்சு. அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டாரு. வலது குமிழை வலது விரலால தள்ளினாரு. துடிச்சுது. முழங்கையை மேஜையில முட்டுக் குடுத்துப் பாத்தாரு, மூச்சை அடக்கிப் பாத்தாரு. பல்லைக் கடிச்சு இறுக்கினா இன்னும் மோசமா துள்ளுச்சு. ஃபேன் காத்துலயும் அவரு கழுத்தோரம் வேர்த்துது.

பின்னாடி சிரிப்புச் சத்தம் நின்னு போச்சு.

அவரு திரும்பிப் பாக்கல. பாக்கத் தைரியம் இல்ல. ரெண்டு மாசமா அவருக்குத் தெரிஞ்ச விஷயம்தானே இது! காலையில டீ கிளாஸை இடது கைக்கு மாத்தினது, சட்டைப் பட்டன் போடறப்போ இருதயம்மாளுக்கு முதுகைக் காட்டினது, தூக்கம் பத்தலைன்னு தனக்குத் தானே கதை சொன்னது. டாக்டரைப் பாத்தா மெடிக்கல் ரிப்போர்ட்டுல எழுதுவாங்க, எழுதினா கூண்டை விட்டு எறக்கிடுவாங்க. எறக்கிட்டா அப்புறம் இக்னேஷியஸ்னு ஒருத்தன் எதுக்குன்னே அவருக்குப் புரியல. கிரேன் லீவரு கனமா இருக்கு, அதுல வெச்சா கை நின்னுடுதுன்னு பாவி மனுஷன் சத்தியமா நம்பிக்கிட்டு இருந்தாரு. இப்போ அந்தக் கையை ஒண்ணரை அடி மானிட்டர்ல, விளக்கு போட்டு, மச்சான் கண்ணு முன்னாடியே காட்டியாச்சு.

பிராங்கிளின் எழுந்து வந்தான். கேம்பேடை அவரு கையிலேர்ந்து எடுத்தான். வலது குமிழைப் பாதி தள்ளி, பத்து எண்ணுற நேரம் புடிச்சான். பொட்டு அசையல.

"இது நல்லாதான் கீது," ன்னான். "இதையே கட்டிக் குடு பாய்."

பைக்கை பிராங்கிளின் ஓட்டினான். பின்னாடி இக்னேஷியஸ் டப்பாவை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கல்மண்டபம் சிக்னல்ல வண்டி நின்னப்போதான் அவன் கேட்டான், தலையைத் திருப்பாமலே.

"போன செவ்வாக்கெயம குணாவுக்கு வெரல் நசுங்குச்சே மாமா."

"அதுக்கு இன்னா இப்போ?"

"பெட்டி ஒரு சாண் எறங்கிடுச்சு. காத்துன்னு சொன்ன."

"காத்துதான்."

"அன்னிக்கி கப்பல் கொடிகூட அசையல மாமா."

பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். பச்சை விழுந்திருந்துச்சு.

கப்பல்லேர்ந்து எறக்குற ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு மூலையில இரும்புப் பூட்டு இருக்கும். தரையில வெக்கிறதுக்கு முந்தி பெட்டியை மார் உசரத்துல அந்தரத்துல நிறுத்துவாங்க. நாலு பேர் ஓடி வந்து, அடியில கையை விட்டுப் பூட்டைக் கழட்டுவாங்க. அந்த அரை நிமிஷம் அந்த எட்டுக் கையும் மேல இருக்கிறவனோட வலது கையை நம்பித்தான் உள்ள போவுது. தூக்குறதும் எறக்குறதும் வலது லீவரு. குணாங்கிற குணசேகரனும் அந்த நாலு பேர்ல ஒருத்தன். வியாசர்பாடிப் பையன், ஏரியா டீமுக்குக் கோல்கீப்பர். ஆள்காட்டி விரல் நுனி போச்சு. இப்போ கட்டுப் போட்ட கையோட, பெட்டி நம்பர் எழுதுற கேபின்ல உக்கார வெச்சிருக்காங்க. அன்னிக்கு வாக்கி-டாக்கியில 'காத்து'ன்னு சொன்ன மொத ஆளு இக்னேஷியஸ். பத்தொம்பது வருஷத்து ஆப்பரேட்டரு சொன்னா மறுபேச்சு ஏது? குணாவே தலையாட்டினான். மறுநாள் ஆஸ்பத்திரியில, 'உன்மேல இன்னா ணே தப்பு'ன்னு இவருக்கே ஆறுதல் சொன்னான்.

திருவொற்றியூர் தாண்டி, கண்டெய்னர் லாரி வரிசை ஆரம்பிக்கிற எடத்துல இக்னேஷியஸ் அவன் தோள் மேல கை வெச்சாரு.

"அக்காவாண்ட சொல்லாதடா."

"சொல்லல."

"யாராண்டயும் சொல்லாத. அடுத்த வாரம் டாக்டரப் பாத்துடறேன். ஊசி மாத்திர போட்டா செரியாப் பூடும். இன்னிக்கி ஒரு நாளு ஓட்டிடறேன். ஆளு இல்ல, சூப்பர்வைசர் உசேன் பாய் கத்துவாரு."

"உன் இஷ்டம் மாமா," ன்னான் பிராங்கிளின். குரல்ல கோபம் இல்ல. அதுதான் இக்னேஷியஸைப் போட்டு அறுத்துச்சு. நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தா திருப்பித் திட்டிட்டாவது போயிருப்பாரு.

உள்ள போய் ஹெல்மெட்டு, சிவப்பு ஜாக்கெட்டு, வாக்கி எல்லாம் மாட்டிக்கிட்டு கிரேன் காலடிக்கு வந்தாரு. கப்பலைக் காலையிலேயே கரையில கட்டியாச்சு. வாக்கியில சூப்பர்வைசர் உசேன் அவசரப்படுத்திக்கிட்டு இருந்தாரு, இருநூறு பெட்டி கீது, சீக்கிரம் ஏறு இக்னேஷியஸ்னு. லிஃப்டுக் கதவைத் திறந்தவரு, பழக்கத்துல கீழ ஒரு தரம் பாத்தாரு. எப்பவும் நாலு பேர் நிக்கிற எடத்துல பிராங்கிளின் மட்டும் கையுறை மாட்டிக்கிட்டு நின்னான்.

"மீதி மூணு பேர் எங்கடா?"

"பக்கத்துக் கிரேனுக்கு அனுப்பிட்டேன். அங்க ஆளு கொறையுதுன்னேன்."

"நாலு மூலயும் நீ ஒர்த்தனேவா?"

"கயட்டறேன். கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான்."

"இன்னாடா வெளாட்டு இது? பைத்தியமா உனக்கு?"

பிராங்கிளின் கிட்ட வந்தான். மொகம் வெளிறிக் கிடந்துச்சு. பயத்தை மறைக்க அவன் ஒண்ணும் முயற்சி பண்ணல.

"அவனுங்களுக்கு விசயம் தெரியாது மாமா. தெரியாதவன் கைய அதுக்கடில வுடக் கூடாது. எனக்குத் தெரியும். உன்னக் காட்டிக் குடுக்கவும் எனக்கு மனசு வரல, அக்கா மொகத்துல முயிக்கணும். அத்தொட்டுதான் என் கைய நான் வுடறேன். நீ ஏறு."

இக்னேஷியஸ் லிஃப்டுக்குள்ள ஒரு கால் வெச்சாரு. மெய்யாவே வெச்சாரு, அதை மறைக்கக் கூடாது. கதவுக் கம்பியைப் புடிச்ச வலது கை, கம்பியில டக டகன்னு தட்டுச்சு. பிராங்கிளின் அதைப் பாத்தான், ஆனா பெட்டி வந்து எறங்குற மஞ்சக் கோட்டுக்குப் போய் நின்னுக்கிட்டான். முப்பத்தி நாலு வயசு. ரெண்டு கொழந்தைங்க.

இக்னேஷியஸ் காலை வெளிய எடுத்தாரு. வாக்கி பட்டனை அழுத்தினாரு.

"உசேன் பாய், இக்னேஷியஸ் பேசறேன். நான் ஏறல. வேற ஆளு அனுப்பு."

"இன்னாய்யா, கடைசி நேரத்துல! ஒடம்பு செரியில்லியா?"

"வலது கையி நடுங்குது. ரெண்டு மாசமா நடுங்குது."

அந்தச் சேனல்ல கிரேன்காரன், லாரிக்காரன், கணக்கெழுதுறவன்னு முப்பது பேர் இருந்தாங்க. அப்புறம் ஒரு சின்னக் குரல் வந்துச்சு.

"அண்ணே, நான் குணா. ரெண்டு மாசமாவா ணே?"

மஞ்சக் கோட்டுலேர்ந்து பிராங்கிளின் இக்னேஷியஸையே பாத்துக்கிட்டு இருந்தான். பட்டனை மறுபடி அழுத்தினாரு.

"ஆமாண்டா குணா. அன்னிக்கி காத்து இல்ல. நான்தான்."

சொல்லிட்டு விரலை எடுக்கல. பட்டன் அழுந்தியிருக்கிற வரைக்கும் எதிர்ப்பக்கம் பேசறது கேக்காது. குணா என்ன சொல்லப் போறானோன்னு பயந்துக்கிட்டு, வாக்கியை நெஞ்சோட சேத்து அழுத்தினபடியே நின்னாரு. உசேன் ஆபீஸ் ரூமுலேர்ந்து ஓடி வர்றது தெரிஞ்சுது, அப்பவும் விடல. பிராங்கிளின்தான் கையுறையைக் கழட்டிட்டுக் கிட்ட வந்து, அவரு விரலைப் பட்டன்லேர்ந்து எடுத்து விட்டான்.