ஒரு விரல் கூடுதல்

வேன்காரம்மா மறுபடியும் எழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? உக்காரு."

"தண்ணி குடிச்சிட்டு வரேன் அண்ணி."

"இப்பத்தான குடிச்ச?"

குடித்தாள்தான். அதற்கு முன்னால் வாசலில் செருப்புகளை ஒதுக்கி வைக்கப் போனாள். அதற்கும் முன்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று போனாள். சாக்கு எதுவானாலும் கால்கள் கொண்டுபோய் நிறுத்திய இடம் பின்வாசல்தான். அங்கிருந்து பார்த்தால் வேன் தெரியும். அதன் கூரைமேல் செங்கல் வைத்து விரித்திருந்த நீல பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு மூலை அவிழ்ந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் அத்தனை பேர் அழும் சத்தத்திலும் அந்தப் படபடப்பு அவள் காதுக்கு மட்டும் தப்பாமல் வந்துகொண்டிருந்தது.

முன்னறைக் கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். மார்புவரை வெள்ளைத் துணி. காலையில் தேநீர் டம்ளரோடு வேனுக்குள் போனவர் வெகுநேரம் திரும்பவில்லையே என்று அவள் போய்ப் பார்த்தபோது, உள்ளே பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, கையிலிருந்த டம்ளரை மெல்ல எடுத்து வந்து கழுவியும் வைத்துவிட்டாள். கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சுருக்கென்றது. அந்த மனிதர் பாதித் தேநீரை மிச்சம் வைத்ததே கிடையாது. தெருமுனை டாக்டர் ஓடி வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வலியே தெரிந்திருக்காது என்றார். எல்லா டாக்டர்களும் அதைத்தான் சொல்வார்கள். சொல்லாவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது.

தெருவில் அவரை ரொட்டிக்காரர் என்பார்கள், அவளை வேன்காரம்மா என்பார்கள். சொந்தப் பெயர்கள் இருந்தன. யாரும் அவற்றைக் கேட்டதில்லை. அவர் பேக்கரியில் அடுப்படி மேஸ்திரி. ஊர் தூங்கப் போகும்போது எழுந்து மாவு பிசையப் போவார். ஊர் எழுந்து ரொட்டி வாங்கப் போகும்போது வந்து படுப்பார். அவளோ பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். அவர் செருப்பைக் கழற்றும் நேரத்தில் அவள் சாவியை எடுப்பாள். வாசற்படியில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்", "சரி, பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டதுதான் பெரும்பாலான நாள்களின் மொத்தக் குடும்பப் பேச்சு. அவள் ஓட்டிய தூரத்தை நீட்டிப் போட்டால் உலகத்தைச் சுற்றி வந்திருக்கலாம். ஓட்டியதெல்லாம் அதே ஆறேழு தெருக்கள்.

வயதானதும் அவர் வேலையை விட்டார். பள்ளிக்கூடம் பழைய வேனைக் கழித்துக் கட்டியபோது அவளும் விட்டாள். விட்ட கையோடு, கழித்துக் கட்டிய அதே வேனை வாங்கிக்கொண்டு வந்து பின்பக்கம் நிறுத்தினாள். மகன் போனில் கத்தினான். ரொட்டிக்காரர் மட்டும் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, "உள்ள ஒரு கட்டில் போட்டா என்ன?" என்றார்.

"எதுக்கு?"

"எங்கயாவது போய் நிறுத்திட்டு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கலாம்ல."

புதுப்பெண் மாதிரி அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றே இருக்கைகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

தச்சு வேலை அவருக்குச் சுத்தமாக வராது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வராது. அவர் செய்த மடக்கு மேசை சற்றே சாய்ந்து நிற்கும்; பார்ப்பவர்தான் தலையைச் சாய்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். அலமாரிக்குப் பலகை அறுத்து அறுத்துக் கோணல் ஆனதும், பேக்கரியில் கழித்துப்போட்ட பிஸ்கட் தட்டுகளைக் கொண்டு வந்து வரிசையாகச் செருகிவிட்டார். அதுதான் வண்டியிலேயே நேராக இருந்த ஒரே பொருள். மற்றபடி பிளைவுட் சுவர், இலவம்பஞ்சு மெத்தை, சின்ன அடுப்பு என்று எல்லாம் ஆகிவிட்டது. கடைசியாகக் கூரையில் மூடியோடு ஒரு சின்ன ஃபேன் பதிக்க வேண்டும். அதற்காக நேற்றுதான் கூரையில் சதுரமாக ஓட்டை போட்டார். ஓட்டை ஃபேனைவிடப் பெரிதாகப் போய்விட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிளாஸ்டிக்கை விரித்து மூடினார்கள். அந்த நாளைதான் இன்று.

இப்போது மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓட்டைக்கு நேர்கீழே மெத்தை. ஒரு நல்ல மழை போதும். பஞ்சு ஊறிப் பலகை உப்பி, ஒரு வருஷத்து வேலை குப்பைக்குப் போய்விடும்.

மதியம் மகன் வந்து சேர்ந்தான். அப்பாவின் கால்மாட்டில் நின்றான். அழவில்லை. சட்டையை ஒருமுறை சரிசெய்துகொண்டு, யார் யாருக்குச் சொல்லியாயிற்று, மயானத்துக்கு வண்டி எப்போது வரும் என்று விசாரிக்க ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். துக்கம் வந்தால் வேலை பார்ப்பான். அது யாரிடமிருந்து வந்த பழக்கம் என்று அவனுக்குத் தெரியாது.

அம்மாவைத் தேடிப் பின்வாசலுக்கு வந்தான்.

"இங்க என்ன பண்ற? உள்ள எல்லாரும் கேக்குறாங்க."

"அந்த மூலை அவுந்துடுச்சு பாரு."

அவன் வேனைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அதை உடைத்து எடைக்குப் போட்டுவிட்டான்.

"இந்த வயசுல அவர ஏணி ஏற வெச்சு, தகரம் வெட்ட வெச்சு... இந்த வண்டிதாம்மா அப்பாவ முடிச்சுடுச்சு. பழைய இரும்புக் கடைக்காரன்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடுவான்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"யாரக் கேக்கணும்? நீ தனியா இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

தனியா என்ற சொல்லை அன்று அவளிடம் சொன்ன முதல் ஆள் அவன்தான். மற்றவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதார்களே தவிர, அதைத் தொடவில்லை. அவளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வேனை நோக்கி நடந்தாள்.

அலமாரியிலிருந்து பெரிய பிஸ்கட் தட்டு ஒன்றை உருவினாள். விளிம்பில்லாத, சப்பையான தட்டு. ஓட்டையை மூடிச் சுற்றிலும் நாலு விரல் மிஞ்சும். ஆனால் வருஷக்கணக்காக வெண்ணெய் குடித்த தட்டில் பசை ஒட்டாது. சோப்பு போட்டுத் தேய்த்தாள், துடைத்தாள், உப்புத்தாளால் ஓரங்களைப் பளபளக்கும்வரை உரசினாள். கையை ஓயவிடவில்லை. ஏணியைச் சாய்த்து ஏறிவிட்டாள். கூரைமேல் முட்டி போட்டு உட்கார்ந்து பிளாஸ்டிக்கை இழுத்து எறிந்தபோதுதான் வீட்டுக்குள் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

நாத்தனார் முதலில் ஓடி வந்தாள். "ஐயோ, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே! யாராவது எறக்குங்களேன்!"

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணி. மழை வருது."

"அவன உள்ள போட்டுட்டு மழையாம் மழை!"

"அவர் வெட்டுன ஓட்டைதான் அண்ணி இது."

கூட்டம் பின்பக்கம் வந்து அண்ணாந்து நின்றது. மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, எறங்கு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீ வண்டிக்குள்ள போ."

"எதுக்கு?"

"உள்ளேருந்து மரச்சட்டத்த ஓட்டை ஓரமா அண்டக் குடுத்துப் பிடி. ஸ்குரூ வெறும் தகரத்துல நிக்காது, மரத்துல எறங்கணும். ஒரு ஆளு மேல, ஒரு ஆளு கீழ. அப்பத்தான் முடியும்."

"அம்மா..."

"உங்கப்பாதான் கீழ இருப்பாரு. இல்லன்னா நான் இருப்பேன். இன்னைக்கு யாரு இருக்கா, சொல்லு?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். செருப்பை ஏன் கழற்றினான் என்று கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது.

ஓட்டைக்குள் அவன் முகம் வந்து நின்றது. கன்னம் சதைபிடித்து, முன்நெற்றி ஏறிப்போய், அப்பாவின் மூக்கை அப்படியே ஒட்டவைத்த முகம். இரண்டு கைகளாலும் சட்டத்தை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் ஓரத்தில் பசையைப் பிதுக்கிக்கொண்டே வந்தாள்.

"ஃபேன் இத்துனூண்டு இருக்கு. ஓட்டைய ஏம்மா இவ்ளோ பெருசா வெட்டுனாரு?"

"உப்பி வரும்னு."

"என்னது?"

"பழக்கதோஷம்டா. அச்சுல மாவு வெச்சா சுத்தி ஒரு விரல் எடம் விடணும்ல? ஃபேன வெச்சு பென்சில்ல ஒழுங்காத்தான் கோடு போட்டாரு. அப்புறம் அவரு கை பாட்டுக்கு ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு போட்டுடுச்சு. அந்தக் கோட்டுலயே வெட்டிட்டாரு. நான் கீழ, நீ நிக்கிற எடத்துல இருக்கேன். மேலேருந்து ஃபேன வெக்கிறாரு, அது நேரா வந்து என் மடியில விழுது."

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சட்டம் ஆடியது.

"ஆட்டாத, பிடி."

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? மேலேருந்து எட்டிப் பாத்து, 'கொஞ்சம் பொறு, வெயில்ல இருந்தா ஃபேனும் உப்பிடும்'ங்கிறாரு."

மகன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை; தொண்டையைத் திறந்துகொண்டு சிரித்தான். வெளியே கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே பைத்தியம் பிடித்துவிட்டது என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே இருந்த முகம் எந்த இடத்தில் மாறியது என்று வேன்காரம்மாவுக்குத் தெரியவில்லை. வாய் கோணியது. கண்ணீர் வந்தது. அண்ணாந்திருந்ததால் அது கன்னத்தில் இறங்காமல் காதுப்பக்கம் ஓடியது. இரண்டு கைகளும் சட்டத்தில் மாட்டியிருந்தன. அவனால் துடைக்க முடியவில்லை.

அவள் ஓட்டை வழியாகக் கையை விட்டு, பசை படாத புறங்கையால் ஒரு பக்கம் துடைத்தாள். மறுபக்கமும் துடைத்தாள். அவன் குழந்தையாக இருந்தபோது தூங்கப்போட்டுவிட்டு அவர் வேலைக்குக் கிளம்புவார். அவனுடைய அழுகையைத் துடைத்ததெல்லாம் பெரும்பாலும் அவள்தான், அவசர அவசரமாக, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. இப்போது அவசரம் இருந்தும் கையை எடுக்கத் தோன்றவில்லை.

"கண்ண மூடிக்கோ. பிசிறு விழும்."

மூடிக்கொண்டான். அவள் தட்டை மெதுவாக ஓட்டையின்மேல் இறக்கினாள். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அழுத்தினாள். பசை ஓரமெல்லாம் பிதுங்கி வந்தது. ஒவ்வொரு ஸ்குரூவாக முறுக்கினாள்.

"எறங்குதா?" என்று தகரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எறங்குது."

"இது?"

"ம். மரத்துல பிடிச்சுடுச்சு."

அவள் இறங்கி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. மயான வண்டி தெருவில் வந்து நின்றிருந்தது. மகன் வேனிலிருந்து வெளியே வந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான். கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

"பசை காய எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு மூணு நாளாவது ஆகும்."

"அதுவரைக்கும் வண்டிய அசைக்கக் கூடாதுல்ல?"

"கூடாது."

"அப்ப அந்த இரும்புக் கடைக்காரன வர வேண்டாம்னு சொல்லிடுறேன்," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் முன்பக்கம் போனான்.

முதல் துளி அவள் தோளில் விழுந்தது. அடுத்தது ஏணியில். பிறகு கல்லை அள்ளிக் கொட்டியதுபோல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. அவள் வேனுக்குள் ஏறி, கதவைப் பாதி இழுத்துவிட்டு, தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். தகரத்தின்மேல் மழை காது செவிடாகும்படி அடித்தது. வெளியே யாரோ கூப்பிட்டார்கள். எடுக்கும் நேரமாகிவிட்டது, சீக்கிரம் வா என்றார்கள். "இதோ," என்றாள். நகரவில்லை.

சட்டத்தின் நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தாள். மூலைகளில் நகத்தை விட்டுப் பார்த்தாள். மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினாள். காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் நின்றாள். மழை இன்னும் வலுத்தது. ஒரு சொட்டு இல்லை.

குதித்து இறங்கி, நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்து முன்னறையில் எல்லோரும் வழிவிட்டார்கள். கட்டிலைத் தூக்கக் கை வைத்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அவள் மூச்சிரைக்கத் தலைமாட்டில் முட்டி போட்டு, அவர் காதோரம் குனிந்தாள்.

"ஒழுகலைங்க."

பதிலுக்குக் காத்திருப்பவள்போல அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். பிறகு எழுந்து விலகி நின்றாள்.

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "என்னம்மா சொன்ன அவன் காதுல?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வேலை விஷயம்."

வாசலில் ஒவ்வொருவராகக் குடையை விரித்துக்கொண்டிருந்தார்கள்.