தெரிந்தும் எழுதாத கணக்கு

மூன்றாவது கணக்குக்கு விடை அவளுக்கு நன்றாகவே தெரியும். மேசை ஓரத்தில் பென்சிலால் போட்டும் பார்த்துவிட்டாள். சரியாக வந்தது. வந்ததை விரலால் தேய்த்து அழித்துவிட்டு, விடைத்தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். நான்காவது கணக்குக்கும் அதே கதிதான். காப்பியடித்துப் பிடிபடும் பிள்ளைகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஃபெயிலாக வேண்டும் என்று மெனக்கெடும் பத்தாம் வகுப்பு மாணவியை எங்கே பார்ப்பது? இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பார்க்கலாம்.

அங்கே கணக்கு ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'. சின்ன ஸ்டேஷன் எதிலும் நிற்க மாட்டார். வேறு எந்தப் பள்ளியிலும் பாதிப் பாடம்கூட ஆகாத நேரத்தில் அவர் போர்ஷனை முடித்துவிட்டுத் தேர்வு வைக்கத் தொடங்கியிருப்பார். கெட்ட மனிதர் இல்லை. வேகம்தான் திறமை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவரும் நம்பிவிட்டார்.

வருடத் தொடக்கத்தில் அவள் ஒரே ஒரு முறை எழுந்து கேட்டாள். "சார், இந்தப் பக்கம் கூட்டல்ல இருக்கறது அந்தப் பக்கம் போனா ஏன் கழித்தல் ஆகுது?"

"போனா ஆகும். எழுதிக்கோ, நேரமில்ல" என்றார் அவர். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் 'டவுட்டு'. அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மதிப்பெண்ணும் மளமளவென்று இறங்கியது.

மதிப்பெண் குறைந்தவர்களுக்கென்று ஒரு தனி வகுப்பு உண்டு. பழைய ஆய்வகத்தின் சாமான் அறையில் நடக்கும். மற்ற மாணவர்கள் அதை ஐ.சி.யூ. என்பார்கள். அவளையும் அங்கே அனுப்பினார்கள். முதல் நாள் அழுதுகொண்டேதான் போனாள். ஆனால் அங்கிருந்த மிஸ் ஒரு பழைய தராசை எடுத்து வைத்து, இரண்டு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுத்துக் காட்டி, அவளுடைய அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொன்னாள். புரியாதவர்களுக்கு மறுபடியும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அழுதுகொண்டு போனவளுக்கு அந்த அறையை விட்டு வர மனமே இல்லை. அங்கே பாஸானால் எக்ஸ்பிரஸ் வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. அதனால்தான் அவள் பாஸாகவில்லை.

அவளுக்குத் தெரியாத இன்னொரு விதியும் இருந்தது. தனி வகுப்பிலும் தொடர்ந்து தோற்றால், பள்ளியின் பெயரில் பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்கள். "வெளியிலிருந்து தனியாகத் தேர்வு எழுதிக்கொள்ளட்டும்" என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி இப்படித்தான் காப்பாற்றப்பட்டு வந்தது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ!

சலவைக்கடையில் துணி தேய்க்கும் அவளுடைய அம்மா, அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எங்களால முடிஞ்சதப் பாத்துட்டோம்மா. அவளுக்கு ஏற மாட்டேங்குது" என்றார் தலைமையாசிரியை.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. வெளியில போனா அவ படிப்பே நின்னுடும். வேலைக்கு அனுப்பச் சொல்லி இப்பவே வீட்ல பேச்சு நடக்குது."

மகளை அழைத்துவர, அங்கே நின்றிருந்த கணக்கு ஆசிரியரே கிளம்பினார். சாமான் அறை ஜன்னலருகே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கரும்பலகை முன்னால் 'டவுட்டு' சாக்பீஸோடு நின்றுகொண்டு, இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் திருத்திய விடைத்தாளில் அவள் வெறுமையாக விட்டிருந்த அதே மூன்றாவது கணக்கு! அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை விறுவிறுவென்று தலைமையாசிரியையின் அறைக்குக் கூட்டிவந்தார். மிஸ்ஸும் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"மேடம், இவ நம்மள ஏமாத்துறா! எல்லாம் தெரியுது, வேணும்னே எழுதாம விடுறா!"

அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஏண்டி, தெரிஞ்சுமா விட்ட? நீ மக்குன்னு நெனச்சு எத்தன நாள் அழுதிருக்கேன்!"

அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியையும் அதையே கேட்டபோது பதில் சொன்னாள்.

"பாஸானா சார் க்ளாஸுக்குப் போகணும்ல மேடம். அங்க புரியலன்னு சொல்ல முடியாது. சிரிப்பாங்க. சாருக்கும் நேரமிருக்காது."

தன் வகுப்பில் உட்காருவதைவிடத் தோற்றுப்போவதே மேல் என்று ஒரு பிள்ளை முடிவு செய்திருக்கிறாள். அது கணக்கு ஆசிரியருக்குச் சுருக்கென்று தைத்தது.

"மேடம், இவ நம்ம ஸ்கூல் பேர்லயே எழுதட்டும். நான் பொறுப்பு" என்றார் கடைசியில். தலைமையாசிரியை சம்மதித்துத் தலையசைத்தார். ஆசிரியர் அவளிடம் திரும்பினார். "நாளைக்கு என் க்ளாஸுக்கு வா. மொதல் கேள்வி நீதான் கேக்கணும்."

"சிரிப்பாங்க சார்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவனையே எழுப்பிப் பதில் கேக்குறேன்."

மறுநாள் வகுப்பில் அவள் முதல் ஆளாக எழுந்தாள். "மைனஸையும் மைனஸையும் பெருக்குனா ஏன் சார் பிளஸ் வருது?"

எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. முதல் வரிசையில் அதிகமாகச் சிரித்தவன் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவன். ஆசிரியர் அவனை எழுப்பினார்.

"அது ரூல் சார்."

"யாரு போட்ட ரூல்? ஏன் போட்டாங்க?"

அவன் விழித்தான். வகுப்பு முழுவதும் கேட்டுப் பார்த்தார், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் சாக்பீஸை எடுத்தார். அன்று முழுப் பாடவேளையும் அந்த ஒரே கேள்விக்குப் போயிற்று. மணியடித்தும் யாரும் எழவில்லை. முதல் மதிப்பெண்காரன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"சார், மொதல் பாடத்துலேருந்தே கேக்கலாமா?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் புத்தகத்தை மூடினார்.

"கேளுப்பா, எல்லாரும் கேளுங்க. இத்தன வருஷமா போர்ஷன முடிச்சுட்டேன்னு மார்தட்டிக்கிட்டு இருந்தேன். வேகமா முடிச்சதுல எனக்குத்தான் பேரு, உங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல. பிள்ளைங்க பயப்படாம கேட்டு, புரிஞ்சுதுன்னு சொன்னாத்தான் ஒரு பாடம் முடிஞ்சதுன்னு அர்த்தம். இத எனக்குச் சொல்லித் தர ஒரு பொண்ணு ஃபெயிலாக வேண்டியிருந்துச்சு. இனிமே இந்த ஸ்கூல்ல அதுக்காக யாரும் ஃபெயிலாகக் கூடாது."