கிளெமென்ட் அண்ணன் வீட்டு அம்பாசிடர்

உள்ளங்கை அளவு அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து பார்த்ததும் கிளெமென்ட் அண்ணனின் முகம் சுருங்கிப்போனது.

"ஏம்மா வினிதா, பிளக் வயரே இல்லையே? யூடியூப்ல காட்டுற மாடல் எல்லாத்துலயும் கலர் கலரா வயர் ஓடுது. எங்க அப்பா ஓட்டுன டாக்ஸிம்மா இது. இம்புட்டு நாள் காத்திருந்தேனே!"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாகல் நகரில் பொம்மைக் காருக்கு நிஜம் மாதிரி இன்ஜின் செய்கிறவள் நான் ஒருத்திதான். வயரை மறந்துவிடுகிற ஆளா நான்?

"பிளக் வயர் பெட்ரோல் வண்டிக்குண்ணே. உங்க அப்பா ஓட்டுனது டீசல்."

"அது எனக்கே தெரியாதே! நான் அப்ப சின்னப்பய. உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். பழனி சவாரி முடிஞ்சு வந்து அப்பா உங்களைத் தூக்கும்போது அவரு சட்டையில டீசல் வாடை அடிக்கும்னு, ஆர்டர் குடுத்த அன்னைக்குச் சொன்னீங்க."

லென்ஸைக் கொடுத்து, டீசல் பம்பிலிருந்து நாலு சிலிண்டருக்கும் போகிற பைப்புகளைக் காட்டினேன். பழைய சார்ஜர் வயரை உரித்தெடுத்த செம்புக் கம்பிகள் அவை. ஒவ்வொன்றாக வளைத்து, வெள்ளி பெயின்ட் அடித்திருந்தேன்.

அவர் லென்ஸை மேசையிலேயே வைத்துவிட்டார். குனிந்து, பானெட்டுக்குள் மூக்கை வைத்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"வீட்டுல மாதா படத்துக்குக் கீழ வைக்கப்போறேன்மா," என்றார்.

"அங்க மட்டும் வேண்டாம்ணே. மெழுகுவர்த்தி ஏத்துவீங்க. உள்ள விட்டிருக்கிறது நிஜ டீசல்."