குருவம்மாள் என்கிற டமாரம்

பட்டாசுக் கம்பெனியின் சரம் பின்னும் அறையில் பானுப்பிரியா வேலைக்குச் சேர்ந்த அன்று, சூப்பர்வைசர் சுந்தரபாண்டி வாசலில் நின்றபடியே, "இந்தப் புள்ளைய டமாரம் பக்கத்துல ஒக்கார வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூலையில் குனிந்து பின்னிக்கொண்டிருந்த பெண் நிமிரவே இல்லை. பெயர் குருவம்மாள். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து அறை வெடித்ததில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டிருந்தது.

காது கேட்காதவளை டமாரம் என்று கூப்பிடுகிறார்களே என்று பானுவுக்கு மனசு சங்கடமாக இருந்தது. ஒருநாள் கூடப் பின்னும் மாரித்தாயிடம் கேட்டும்விட்டாள். மாரித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, காது நல்லாக் கேக்கையிலயே அவளுக்கு அந்தப் பேருதான். வாயில ஒண்ணு நிக்காது. காலையில சொன்னா சாயங்காலத்துக்குள்ள வெம்பக்கோட்டை பூரா தெரிஞ்சிரும். இப்பத்தான் டமாரச் செவிடு ஆயிட்டாளே, பேர மாத்துற வேல இல்லாமப் போச்சு."

ஆண்கள் இன்னொரு காரணம் வைத்திருந்தார்கள். டமார் என்று வெடித்ததில் காது போனதால் டமாரமாம். கோயில் திருவிழாவில் காளையின் முதுகில் கட்டி அடிக்கிற அந்த வாத்தியத்தை அவர்களில் பலர் பார்த்ததுகூட இல்லை. குருவம்மாளை அவள் சொந்தப் பெயரால் கூப்பிட்டது பானு மட்டும்தான். கூப்பிட்டு என்ன, கேட்கவா போகிறது.

காது போன பிறகு குருவம்மாளின் குரல் இன்னும் பெரிதாகியிருந்தது. தண்ணீர் கேட்டால் கேட் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். தன் குரல் தனக்கே கேட்காததால்தான் அப்படிக் கத்துகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆவணியில் ஆர்டர் குவிந்தது. அந்தச் சமயத்தில்தான் பானுவின் புருஷன் முனியராஜ் லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவளுக்கு நாள் தள்ளிப்போனதும் அப்போதுதான். கம்பெனியில் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். தீபாவளி வரைக்கும் மறைத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் வேப்பமரத்தடியில் குருவம்மாளும் அவளும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சுவரிடம் பேசுவதுபோல எல்லாவற்றையும் சொன்னாள்.

"போன வருசமும் இப்படித்தான்க்கா. சாத்தூர்ப் பக்கம் வேல பாத்தேன். மூணாம் மாசம், வேல பாத்துக்கிட்டு இருக்கும்போதே போயிருச்சு. இதுவும் போயிருமோன்னு இருக்கு. என்ன செய்ய, வீட்டுல அவரு படுத்துக் கெடக்காரு."

அவள் மரத்தைப் பார்த்துத்தான் பேசினாள். குருவம்மாள் சோற்றில் கை வைத்தபடி, சாப்பிடாமல், பானுவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

மறுநாள் சுந்தரபாண்டி அறைக்குள் வந்து சரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். குருவம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"ஏ பானு! எத்தன மாசம்? வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு மருந்துக்குள்ள வந்து ஒக்காந்திருக்க!"

பின்னிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. சுந்தரபாண்டி எண்ணிக்கையை விட்டுவிட்டார். பானுவை வெளியே கூப்பிட்டு, "கோவிச்சுக்காதம்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா என்னையத்தான் கேப்பாக. பிள்ளை பெத்துட்டு வா" என்றார். பானு சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். குருவம்மாள் குனிந்து பின்னத் தொடங்கியிருந்தாள்.

இரவு முழுவதும் பானு தூங்கவில்லை. விடிந்ததும் நேரே குருவம்மாள் வீட்டுக்குப் போனாள். கம்பெனி வேனின் ஹாரன் கேட்காது என்பதால், காலையில் குருவம்மாள் வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றும் நின்றிருந்தாள்.

"நல்லா இருப்பீகளாக்கா? காது கேக்காதுன்னு நம்பிச் சொன்னா ஊரு பூரா டமாரம் அடிச்சிட்டீகளே! என் வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. குருவம்மாள் பானுவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு பேசினாள். பானு குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது, அவ்வளவு மெதுவாக.

"எனக்கும் வயித்துல ஒண்ணு அந்தப் பின்னுற ரூம்ல இருக்கையிலதான் போச்சு. யாருட்டயும் சொல்லல. ஒக்காரு, சாப்புடு."

வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. அந்தத் தொண்டையில் இப்படி ஒரு குரல் இருந்ததை பானு அறிந்ததில்லை. சுவரோரமாக உட்கார்ந்தாள். குருவம்மாள் தட்டை எடுத்துத் துடைத்து, பழைய சோற்றைப் பிழிந்து வைத்தாள்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. பானு கதவைப் பார்த்தாள். இரண்டாவது முறையும் அடித்தது. குருவம்மாள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுண்டவைத்த குழம்பைச் சட்டியின் அடியிலிருந்து நிதானமாக வழித்துக்கொண்டிருந்தாள்.