உறவுமுறை சொல்லாத அலுவலகம்

அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். மூன்றாவது ஆளின் எச்சிலும் மரபணுச் சோதனைக்குப் போய், இன்னார் இன்னாருக்கு இன்ன உறவு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறவரை, யாரும் யாரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரும் கூடாது. பெயர் தெரிந்தால் மனிதர்களுக்குப் பொறுமை இருக்காது. விலாசம் தேடிப்போய்க் கதவைத் தட்டிவிடுவார்கள். ஆகவே அங்கே தொழில்தான் பெயர். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் கண்ணாடிக்காரர். நீச்சல் சொல்லித் தருகிறவர் வெறும் நீச்சல்.

சலவைக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். கீழே இஸ்திரி போடும்போதெல்லாம் பலகை இடுக்கு வழியாகச் சூடான துணியின் வாசனை ஏறி வரும். வருகிறவர்கள் எல்லாரும் முகம் தெரியாத ஒரு கொடையாளரின் விந்தால் மருத்துவமனையில் கருவானவர்கள். சிலருக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். சிலருக்குத் தலை நரைத்த பிறகு தெரிந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அநேகமாக எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "பெரிசா ஒண்ணும் வேண்டாம், யாருன்னு தெரிஞ்சா போதும்."

சட்டத்தைப் போட்டவர் மாமா. ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை மட்டும் எல்லாரும் உறவுமுறை சொல்லியே கூப்பிட்டார்கள். இங்கே வந்துபோன ஒருத்தருக்கும் எந்த வகையிலும் சொந்தமில்லை என்று சோதனையிலேயே நிரூபணமானவர் என்பதால் அவருக்கு விலக்கு. தேடும் வேலை செய்கிறவளை அவர் 'துப்பு' என்று கூப்பிடுவார். அவளும் கொடையாளர் பிள்ளைதான். அவள் எச்சிலின் முடிவு வருடக்கணக்காக அலுவலகக் கணினிக்குள் கிடக்கிறது. கடல் தாண்டி எங்கோ இருக்கும் நாலைந்து தூரத்துச் சொந்தங்களைத் தவிர ஒருத்தரும் வந்து சேரவில்லை. தினமும் காலையில் காப்பியை வைத்துக்கொண்டு முதலில் தன் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். பிறகு மற்றவர்களுடையதை.

அன்று காலை கண்ணாடிக்காரரின் பக்கத்தில் புதிதாக ஓர் ஒற்றுமை வந்திருந்தது. ஒரு பெண். அதே பெண் பேக்கரிக்காரம்மாவின் பக்கத்திலும் வந்திருந்தாள். துப்பு அந்தப் பெயரைப் பார்த்ததும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள்.

"மாமா, இங்க கொஞ்சம் வாங்க."

"என்ன, உனக்கு யாராவது மாட்டினாங்களா?"

"பேக்கரிக்காரம்மாவோட சித்தப்பா பொண்ணு. விளையாட்டா எச்சில் குடுத்திருக்கா."

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்தபடியே பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்பா வழிச் சொந்தம்," என்றார்.

"ஆமா."

"அவங்க அப்பா அவங்க அப்பா இல்லன்னா, இந்தப் பொண்ணு இவங்களோட ஒட்டவே கூடாது."

"ஆமா, மாமா."

"ஒட்டியிருக்கே."

கீழே இஸ்திரிப் பெட்டி சீறி அடங்கியது.

சில மாதங்களுக்கு முன்னால் அவள் அந்தச் சட்டத்தை மீறியிருந்தாள். கண்ணாடிக்காரருக்கு முப்பத்தேழு வயது, நல்ல மனிதர், தான் கொடையாளர் பிள்ளை என்பது தெரிந்தவர். அவருடைய மரபணுவில் கால் பங்கு பேக்கரிக்காரம்மாவோடு ஒத்துப்போனது. பேக்கரிக்காரம்மா யாரையும் தேடி வந்தவள் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் பிறந்தநாளுக்குச் சோதனைப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள், துப்பிப் போட்டாள், அவ்வளவுதான். கால் பங்கு என்றால் ஒரே தகப்பனும் வேறு வேறு தாயுமான பிள்ளைகளாக இருக்கலாம். அத்தையும் அண்ணன் மகனுமாகவும் இருக்கலாம். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். எது என்று சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும்.

பேக்கரிக்காரம்மாவுக்கு நாற்பத்தொன்று, கண்ணாடிக்காரரை விட நாலே வயது கூட. அவளுக்கும் அவளுடைய ஒரே அண்ணனுக்கும் பதினேழு வருட இடைவெளி. இத்தனை வருடம் கழித்து ஒரு பிள்ளை என்றால் மருத்துவமனையில்தான் உண்டாகியிருக்கும் என்று துப்புவின் மனசு முடிச்சுப் போட்டது. அம்மா இறந்துவிட்டாள். அப்பாவுக்கு எண்பது. "பெரியவரைப் போய் எதுக்கு எச்சில் கேட்டுத் தொந்தரவு பண்ணணும்," என்று மாமாவிடம் சொன்னாள். கண்ணாடிக்காரரும் பேக்கரிக்காரம்மாவும் முதல் அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பேசியதைப் பார்த்தபோது, வருடக்கணக்காகத் தன் பக்கத்தில் பார்க்க ஏங்கிய ஒன்றைப் பக்கத்து நாற்காலியில் பார்த்தது போல இருந்தது. அவள் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது.

"இவங்க உங்க அக்கா."

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பேக்கரிக்காரம்மாவோ உட்கார்ந்த இடத்திலேயே, "அப்போ எங்கப்பா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு பேக்கரிக்காரம்மா ஒரே ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்தாள். அப்பாவிடம் கேட்டாளாம். அவர், "உங்கம்மா எங்கிட்ட சொல்லலையே," என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு அப்பா என்று கூப்பிட இவளுக்கு வாய் வரவில்லை. அவரும் கூப்பிடச் சொல்லவில்லை. அடுத்த தடவை அவர் வீட்டுக்குப் போனபோது வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கி காலியாக இருந்தது. அம்மா போன பிறகும் அவளுடைய குடை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, குப்பையோடு போட்டுவிட்டேன் என்றார்.

மாமா இப்போது மறுபடியும் திரையைப் பார்த்தார். "சித்தப்பா பொண்ணு இவங்களோட எவ்வளவு ஒட்டுறாளோ, அதுல பாதிதான் கண்ணாடிக்காரரோட. அப்போ அவர் ஒரு படி கீழ இருக்காரு. கொடையாளர் பெரியவர் இல்ல. அண்ணன்காரர்."

"நான் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் இப்பவே சொல்லிடறேன்."

"உட்காரு. முதல்ல அந்த அண்ணனைக் கூப்பிடு. ஒரு சட்டத்தை மீறினது போதும், துப்பு."

கொடையாளரிடம் கேட்காமல் அவர் குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது. சட்டம் என்று யாரும் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. ஆனால் இங்கேதான் சிக்கல். பேக்கரிக்காரம்மாவிடம் உங்கப்பா உங்கப்பாதான் என்று சொன்னால் அவள் மிச்சத்தைத் தானே கண்டுபிடித்துவிடுவாள். இருப்பது ஒரே ஒரு அண்ணன். தகப்பனை மகளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அண்ணனைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும்.

அண்ணன்காரர் வேறு ஊரில் ரயில் பாலங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியாளர். போனை எடுத்ததும், "பாலத்துக்கு அடியில நிக்கிறேன், வண்டி போனா காது கேக்காது, சீக்கிரம் சொல்லுங்க," என்றார்.

அவள் சொன்னாள். பாதியில் ஒரு ரயில் போனது.

"படிக்கிற காலத்துல செஞ்சது," என்றார் கடைசியில். "யாருக்கும் எப்பவும் தெரியவராதுன்னு சொன்னாங்க. எனக்கே மறந்துபோச்சு. எத்தனை பேர்?"

"எங்களுக்குத் தெரிஞ்சு ஒருத்தர். கண்ணாடிக் கடை வெச்சிருக்காரு."

"என் பெண்டாட்டிக்குத் தெரியாதும்மா. பெரிய பையனுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம்."

"சரிங்க."

"மெஷின் தப்பு பண்ணிடுச்சு, எல்லாம் ரத்துன்னு சொல்லிடுங்களேன். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பார்ப்பாங்க."

"சொல்லலாம். ஆனா மெஷின் சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் தப்பாப் படிச்சேன். நீங்க வேண்டாம்னா உங்க பேர் என் வாயிலேருந்து வராது. உங்க அப்பாவைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லட்டுமா?"

"அப்பாவுக்கு என்ன?"

"கதவுக்குப் பின்னால உங்க அம்மா குடை தொங்குமாமே."

"ஆமா. கறுப்பு. கைப்பிடியில நூல் சுத்தியிருக்கும்."

"அதைக் குப்பையில போட்டுட்டாரு."

அடுத்த ரயில் வந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த இரைச்சல் முழுவதையும் கேட்டாள்.

"அம்மாவைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலையாம்."

"சொல்லமாட்டாரு." பெருமூச்சு விட்டார். "தங்கச்சிகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. எனக்காக அவளைக் காக்க வைக்காதீங்க. என் பேரை நானே வந்து அப்பாகிட்ட சொல்லிக்கிறேன். என் வீட்டுலயும் நானே சொல்லிக்கிறேன்." பிறகு தயங்கிவிட்டு, "அந்தப் பையன்... அவர் வர்றேன்னா வரட்டும்," என்றார்.

பேக்கரியின் பின்பக்கம் ஒரே சூடு. பேக்கரிக்காரம்மா முழங்கைவரை மாவோடு, அடுப்பிலிருந்து தட்டுகளை உருவி அடுக்கில் ஏற்றிக்கொண்டிருந்தாள். துப்பு வந்ததைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"இன்னும் எத்தனை தம்பி கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு நிமிஷம் உட்காருங்களேன்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுங்க."

"உங்கப்பா உங்கப்பாதான். பெத்த அப்பா. நான் தப்பாச் சொல்லிட்டேன். அவரோட எச்சிலைக் கேட்டு வாங்கியிருக்கணும், வாங்கலை. உங்க அம்மா எதையும் மறைக்கலை. மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை."

பேக்கரிக்காரம்மா கையில் பிடித்த தட்டை அடுக்கில் ஏற்றினாள். அடுத்ததை எடுத்தாள், ஏற்றினாள். துப்பு எதிர்பார்த்த அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை.

"அப்போ அவன் எனக்கு யாரு? அக்கா அக்கான்னு என் பிள்ளைங்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டானே." சொல்லிக்கொண்டே அவளே கணக்குப் போட்டாள். முகத்தில் அது ஓடுவது தெரிந்தது. "அண்ணனா?"

துப்பு அடுக்கிலிருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

"நீங்க சொல்ல வேண்டாம். தெரியுது." அவள் திடீரென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "அத்தையா நான் அவனுக்கு. இருக்கட்டும், அத்தைன்னா அதட்டலாம்." மாவுக் கையால் கண்ணைத் துடைத்தாள், புருவத்தில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. "எங்கப்பா சாப்பிடறதையே குறைச்சிட்டாரு, தெரியுமா உங்களுக்கு? நான் எதிர்ல உட்கார்ந்திருக்கேன். சாப்பிடுங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிமைன்னு பேசாம இருந்தேன்."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க..."

"கேக்காதீங்க. கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பெரியவர் வீட்டு வாசலில் பேக்கரிக்காரம்மா வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். அண்ணன்காரர் நனைந்த சட்டையோடு நேராக அப்பா அறைக்குப் போனார். கண்ணாடிக்காரர் செருப்பைக் கழற்றி மூன்று தடவை நேராக வைத்தார். துப்புவின் முறை வந்தபோது பேக்கரிக்காரம்மா கையைக் குறுக்கே நீட்டவில்லை, குரலும் உயரவில்லை. "நீங்க இங்கயே இருங்க," என்றாள்.

அவள் நடையிலேயே நின்றாள். கதவுக்குப் பின்னால் கொக்கி இருந்தது. அதைச் சுற்றிச் சுவரில் சுண்ணாம்பு மங்கியிருந்தது. கீழே குடை உரசி உரசி ஒரு நீளக் கோடு. கையிலிருந்த தன் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே அண்ணன்காரரின் குரல் நீளமாகக் கேட்டது, வார்த்தைகள் புரியவில்லை. பாதி திறந்த கதவு வழியாகப் பெரியவரின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. கைகள் இரண்டும் முழங்கால்மேல். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"அவ எங்கிட்ட எதையும் சொல்லாம இருந்ததே இல்லை," என்றார் பெரியவர், யாரிடம் என்றில்லாமல். "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னதை நம்பிட்டேன்."

"அப்பா," என்றாள் பேக்கரிக்காரம்மா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கை மட்டும் முழங்காலிலிருந்து எழுந்து, தேடி, அவள் மணிக்கட்டைப் பிடித்தது. விடவில்லை.

பிறகு கண்ணாடிக்காரர் அவர்முன் மண்டியிட்டது தெரிந்தது. "ஒரு நிமிஷம் கழட்டுங்க," என்றார். பெரியவர் ஒற்றைக் கையால் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதன் காதுக் கொம்பைத் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, விரல் நுனியால் மெதுவாக வளைத்து, காதுக்குப் பின்னால் பொருத்திப் பார்த்தார். மறுபடி எடுத்து வளைத்தார்.

"யார் சொல்லிக் குடுத்தது இந்த வேலை?"

"எங்கப்பா. கடை அவர் வெச்சது."

"இருக்காரா?"

"இருக்காரு. இன்னைக்கு இங்க வர்றது அவருக்குத் தெரியும்."

பெரியவர் தலையை ஆட்டினார். "நல்ல கை." நேராக நின்ற கண்ணாடி வழியாக அவர் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கண்டார் என்று நடையிலிருந்து தெரியவில்லை. பிறகு அதே கண்ணாடியோடு வாசல் பக்கம் திரும்பினார்.

"அங்க யாரு நிக்கிறது?"

"அலுவலகத்துலேருந்து வந்தவங்க, அப்பா," என்றாள் மகள்.

"தண்ணி சொட்டுது பாரு. குடையை மாட்டச் சொல்லு."

துப்பு கொக்கியைப் பார்த்தாள். உள்ளேயிருந்து நாலு பேரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. அவள் கதவைத் திறந்து, மழையில் இறங்கி, குடையை வெளிப்படியில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கொக்கிக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றாள். பேக்கரிக்காரம்மா அதைப் பார்த்தாள். எழுந்து வந்து, துடைத்துக்கொள்ள ஒரு துண்டை நீட்டிவிட்டு, அப்பாவிடம் திரும்பிப் போனாள்.