விற்றது படத்தை மட்டும்

"அக்கா, தப்பா எடுத்துக்காத. நம்ம அண்ணன் குடிப்பாரா இன்னா?"

முடிச்சூரில் தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு நின்றிருந்த இடத்தில் எதிர்வீட்டுச் சரசு இப்படிக் கேட்டபோது, எந்த அண்ணனைச் சொல்கிறாள் என்றே லோகநாயகிக்கு விளங்கவில்லை. அவள் கணவர் தனக்கோடி மாரடைப்பில் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ரயில்வே பணிமனையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர். கல்யாண வீட்டில் பீடா கொடுத்தால்கூடப் பக்கத்து இலைக்காரரிடம் தள்ளிவிடுவார்.

"யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. ஷேர் ஆட்டோ பின்னாடி ஒரு போஸ்டர் ஒட்டிக்கீறாங்க. அச்சு அசலா அண்ணன் மாரியே கீது."

லோகநாயகி வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறவள். அன்று மாலை வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு மேற்குத் தாம்பரம் போனாள். ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூன்று ஆட்டோக்களின் முதுகில் தனக்கோடி தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒயர் நாற்காலியில் சரிந்த உடம்பு, ஒரு பக்கம் சாய்ந்த தலை, லேசாகப் பிளந்த வாய். மேலே சிவப்பு எழுத்தில், 'இது உங்கள் வீட்டிலும் நடக்கிறதா?' கீழே ஒரு குடிநோய் மறுவாழ்வு இல்லத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

அவள் வரைந்த படம்தான் அது. இரவு வேலை முடிந்து வந்து, டீ போடச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் தூங்கிப்போன ஒரு காலை நேரம். அவரை எழுப்ப மனமில்லாமல் எதிரில் உட்கார்ந்து பென்சிலில் கோடு இழுத்தாள். பிறகு பதினோரு நாள் வண்ணம் தீட்டினாள். படத்தில் நாற்காலிக் காலருகே ஆறிப்போன டீயோடு ஒரு டம்ளர் இருக்கும். சுவரொட்டியில் டம்ளரைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பிராந்தி பாட்டில் நின்றது. மூலையில் அவள் போட்டிருந்த கையெழுத்தையும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் நடத்திய கண்காட்சியில், இரண்டு வருஷத்துக்கு முன் விற்ற படம். அவள் விற்ற முதல் படமும் அதுதான். தனக்கோடி அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, வருகிறவர்கள் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். "தூங்கறதுக்குக் காசு குடுக்கறாங்கன்னா நான் வேலைக்கே போயிருக்க மாட்டேனே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு நரைத்த தாடிக்காரர் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

மகள் ஜீவிதா கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு வாரமாகவே அவள் ஷேர் ஆட்டோவில் ஏறாமல், இரண்டு நிறுத்தம் நடந்து போய்ப் பேருந்து பிடிக்கிறாள் என்பது அன்றிரவு தெரிந்தது.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ போய்ப் பார்ப்பியே" என்றாள் ஜீவிதா.

வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தியின் அம்மா ஸ்ரீவித்யா, வழக்கறிஞர். மகளை அழைத்துப்போக வந்தவளிடம் லோகநாயகி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வித்துட்டேன் மேடம். வித்த பொருளை வாங்கினவர் என்ன வேணா செய்யலாம்தானே?"

"அப்படித்தான் எல்லாரும் நினைச்சுக்கறாங்க" என்று ஸ்ரீவித்யா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "நீங்க வித்தது கேன்வாஸை. காப்பிரைட் வேற. அதை நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் அடுத்தவருக்குப் போகும். அந்த மாதிரி ஏதாவது பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல. சங்கத்துக்காரங்க ஒரு ரசீது குடுத்தாங்க. அவ்வளவுதான்."

"அவர் கேட்டு, அவருக்காக வரைஞ்சதா?"

"இல்ல. எனக்குத் தோணி வரைஞ்சது."

"நல்லதாப் போச்சு. காசு வாங்கிட்டு ஆர்டருக்கு வரைஞ்சதா இருந்தா, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல, உரிமையே அவரோடதுன்னு சட்டம் சொல்லும்."

"நான் எங்கயும் பதிவு பண்ணலையே மேடம்."

"பண்ணியிருந்தா நிரூபிக்கச் சுலபம். பண்ணலைன்னாலும், வரைஞ்ச நிமிஷத்துலேர்ந்து அது உங்களுது. இதுல டம்ளரை எடுத்துட்டு பாட்டிலை வேற வெச்சிருக்காங்க. உங்க பேருக்குக் கெடுதல் வர்ற மாதிரி படத்தைத் திரிச்சா, உரிமையையே எழுதிக் குடுத்திருந்தாலும் நீங்க கேக்கலாம்."

லோகநாயகி, "படத்தைத் திருப்பிக் கேக்க முடியுமா?" என்றாள்.

"அது முடியாது. படம் அவரோடது. அவர் சுவத்துல மாட்டிக்கலாம், வித்துடலாம். பிரிண்ட் போடத்தான் கூடாது."

ஸ்ரீவித்யா இல்லத்துக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் அந்தத் தாடிக்காரரே தொலைபேசியில் கூப்பிட்டார். பெயர் ஜெயகிருஷ்ணன், இல்லத்தை நடத்துகிறவர். குரலில் கோபம் இல்லை. நேரில் வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்.

இல்லம் பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு பழைய இரண்டு மாடி வீடு. ஜெயகிருஷ்ணன் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார்.

"சட்டம் தெரியாதும்மா. காசு குடுத்து வாங்கினது, நம்முதுன்னு நினைச்சிட்டேன். நாளைக்கே கிழிச்சிடச் சொல்றேன். பாட்டில் வெச்சது பிரஸ்காரப் பையன். அப்பத்தான் பாக்கறவனுக்குப் புரியும்னான். நானும் சரின்னுட்டேன்."

"அவர் என் வீட்டுக்காரர் சார். குடிச்சதே இல்ல."

ஜெயகிருஷ்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உண்மையாகவே திடுக்கிட்ட முகம். "நான் பதினாறு வருஷம் குடிச்சவம்மா. கண்காட்சியில அந்தப் படத்தைப் பாத்தப்ப, என் பொண்டாட்டி கண்ணுக்கு நான் எப்படித் தெரிஞ்சிருப்பேன்னு பாத்தேன். அதான் வாங்கினேன். வேற மாதிரி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

அவரைத் திட்டுவதற்கென்று பேருந்தில் சேர்த்துவைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அவளுக்கு உதவவில்லை. படத்தை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் கூடத்துக்கு அழைத்துப்போனார்.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச்சுவரில் தனக்கோடி. கையெழுத்தோடு, டம்ளரோடு, அவள் தீட்டிய காலை வெயிலோடு. கழுத்து மடிப்பில் வியர்வைக்காக அவள் வைத்த வெள்ளைப் புள்ளிகூட அப்படியே இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். தொட்டுவிடும் தூரம்தான். ஆனால் தொடவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவர், நாற்பது வயதிருக்கும், கை நடுக்கத்தை மடியில் அடக்கிக்கொண்டு கேட்டார். "இவரு குடிச்சே செத்துட்டாராமேம்மா? சார் சொல்லுவாரு."

ஜெயகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லைங்க" என்றாள் லோகநாயகி. "இவர் என் வீட்டுக்காரர். நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து அசந்து தூங்கறாரு. அவ்வளவுதான்."

அந்த மனிதர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி துளியும் இல்லாமல், ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார். "என் வூட்டுக்காரியும் அக்கம்பக்கத்துல அப்படித்தாம்மா சொல்லிகினு இருந்துச்சு. நைட் ஷிப்ட், தூங்கறாருன்னு."

பாயில் இருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார்கள். அவர்களுக்கு மறுபடியும் எப்படிச் சொல்வது என்று லோகநாயகிக்குத் தெரியவில்லை. சொல்லச் சொல்ல, அந்த மனைவிகள் சொன்னதுபோலவேதான் இருக்கும்.

வாசலில் ஜெயகிருஷ்ணன், "இனிமே அப்படிச் சொல்ல மாட்டேம்மா" என்றார். படத்தை விலைக்குத் திரும்பத் தருவாரா என்று அவள் கேட்டாள். "அது மட்டும் கேக்காதீங்கம்மா. குடிக்கணும்னு தோணறப்பல்லாம் நான் அது முன்னாடிதான் போய் உட்காருவேன்."

படத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது தாம்பரம் வந்து இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. விற்றபோதும் எடுத்துவைக்கவில்லை. திரும்பப் போகும் தெம்பு இல்லை.

ஜெயகிருஷ்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பத்து நாளில் சுவரொட்டிகள் போய்விட்டன. ஆனால் அதற்குள் யாரோ கைபேசியில் எடுத்தது தெருவின் வாட்ஸாப் குழுவரை சுற்றியிருந்தது. சரசு அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. பேசாமல் இருந்ததிலேயே அவள் எதை நம்பினாள் என்று லோகநாயகிக்குத் தெரிந்தது.

அதே படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரையலாம், அதற்கான உரிமை அவளுடையதுதான் என்று ஸ்ரீவித்யா சொல்லியிருந்தாள். ஒரு நாள் காலை புதுக் கேன்வாஸோடு உட்கார்ந்தாள். நாற்காலி வந்தது, தோள் வந்தது. முகத்துக்கு வந்தபோது, தன் கணவர் அசதியில் தூங்குவதாக யாரும் ஐயமின்றிச் சொல்லும்படி ஒரு வாயை வரைய முயன்றாள். நான்கு முறை அழித்தாள். கடைசியில் கண்களைத் திறந்து வைத்தாள். அது வேறு யாரோ.

கதவருகே வந்து நின்று பார்த்த ஜீவிதா கல்லூரிக்குப் பையை எடுத்துக்கொண்டாள். சுவரொட்டி இல்லாத ஆட்டோக்கள் தெருமுனையிலேயே நிற்கின்றன. அவள் இன்னும் இரண்டு நிறுத்தம் நடந்துதான் போகிறாள்.